இறுதி டிகிரியைப் பதிந்த அனுபவம்: சார்பதிவாளர் அலுவலகச் சேவை பற்றி என் மதிப்புரை

வில்லங்கச் சான்றில் என் பெயர் ஏறி இரண்டு வருஷம் ஆகிவிட்டது. அந்த ஒரு பதிவுக்காகப் பத்து வருஷம் கோர்ட்டுக்கு நடந்தேன். அப்புறம் நாலு மாதம் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு நடந்தேன். பாகப்பிரிவினை வழக்கில் டிகிரி, அதாவது கோர்ட்டின் தீர்ப்பாணை, கைக்கு வந்த பிறகு அதைப் பதிய வேண்டுமா, பதியப் போனால் என்ன கேட்பார்கள், பதிந்துவிட்டால் இனி யாரும் கை வைக்க முடியாதா என்று தெரிந்தவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள். போனில் சொல்லி மாளவில்லை. அதனால்தான் இந்தச் சேவையைப் பற்றி உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவள். முப்பது வருஷத்துக்கு மேல் அரிசி, பருப்பு, முட்டை என்று தினமும் பதிவேடு எழுதியிருக்கிறேன். நூறு பிள்ளைகள் வயிறாரச் சாப்பிட்டிருந்தாலும் அன்றைய பக்கத்தில் ஏறவில்லை என்றால் ஆய்வுக்கு வருகிறவருக்கு அது நடக்காத சாப்பாடுதான். நிலமும் அப்படித்தான் என்பதைப் பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

எங்கள் நிலம் தஞ்சாவூர் பக்கம், ஆற்றுப் பாசனம், 3 ஏக்கர் 40 சென்ட். ஊர்ப் பேச்சில் பத்து மாவுக்குச் சற்று மேல். பாட்டனார் வழிச் சொத்து. அம்மா முன்பே போய்விட்டார். அப்பா 2003-ல் காலமானார். வாரிசு என்று அண்ணனும் நானும் மட்டும்தான். என் பங்கைக் கேட்டபோது அண்ணன் ஒரு கூர்ச்சீட்டை, அதாவது பாகம் பிரித்து எழுதிய சீட்டை, எடுத்து நீட்டினார். 1998-ல் வெள்ளைத்தாளில் எழுதியது. ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர் கையெழுத்து இருந்தது, அப்பாவுடையதும் இருந்தது. "பெண்ணுக்குச் சீர் செனத்தி செய்து முடிந்தது" என்று ஒரு வரி. என் கையெழுத்து இல்லை, அப்படி ஒரு சீட்டு எழுதியதே எனக்குத் தெரியாது.

2012-ல் வழக்குப் போட்டேன். அந்தச் சீட்டு ஏன் நிற்கவில்லை என்பதை வக்கீல் எனக்கு விளக்கியது இப்படி. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 6-ஆவது பிரிவு 2005-ல் திருத்தப்பட்டு மகளுக்கும் மகனைப்போலப் பிறப்பிலேயே பங்கு வந்தது. ஆனால் 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பாகம் பிரிந்திருந்தால் அதைக் கலைக்க முடியாது. சரி, எது பாகம்? அதே பிரிவு சொல்கிறது: பதிவு செய்த பாகப்பிரிவினைப் பத்திரம், அல்லது நீதிமன்றத் தீர்ப்பாணை. இந்த இரண்டும்தான். பெரியவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அவர்கள் எழுதிய வெள்ளைத்தாள் இந்த இரண்டில் எதிலும் சேரவில்லை.

2016-ல் முதல்நிலைத் தீர்ப்பாணை, அதாவது பங்கை மட்டும் சொல்லும் முதல் டிகிரி, வந்தது. நாலில் ஒரு பங்கு, அதாவது 85 சென்ட். எனக்கு 1987-லேயே கல்யாணம் ஆகிவிட்டது. 1989 மார்ச் 25 அன்று கல்யாணம் ஆகாமல் இருந்த பெண்களுக்குத்தான் தமிழ்நாட்டுத் திருத்தச் சட்டம் பங்கு கொடுத்தது, அதனால் அது எனக்கு உதவவில்லை. மத்தியத் திருத்தம் உதவும் என்று நினைத்தால், அது அமலுக்கு வந்த 2005 செப்டம்பர் 9 அன்று அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. ஆக, நிலத்தில் அண்ணனுக்குப் பாதி, அப்பாவுக்குப் பாதி, அப்பாவின் பாதியில் பாதி எனக்கு என்று முடித்தார்கள். நான் மேல்முறையீடு செய்தேன். அது மாவட்ட நீதிமன்றத்தில் கிடந்தபோதுதான் 2020 ஆகஸ்ட் 11 அன்று வினீதா சர்மா வழக்கின் தீர்ப்பு வந்தது. மகளின் உரிமை பிறப்பால் வருவது, அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருக்க வேண்டிய அவசியமில்லை என்று மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு சொன்னது. முதல்நிலைத் தீர்ப்பாணை ஆகியிருந்தாலும் இறுதி டிகிரி ஆகாதவரை பங்கை மாற்றலாம் என்றும் அதிலேயே இருக்கிறது. என் 85 சென்ட் 1 ஏக்கர் 70 சென்ட் ஆனது.

இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், எங்கள் பக்கத்தில் முதல்நிலைத் தீர்ப்பாணையைக் கையில் வாங்கியதும் "ஜெயித்துவிட்டோம்" என்று கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வீட்டில் இருந்துவிடுகிறார்கள். யாருக்கு எத்தனை பங்கு என்பதைத்தான் அது சொல்லும். எந்த வரப்பிலிருந்து எந்த வரப்பு வரை என்று சொல்லாது. அதற்கு இறுதி டிகிரி மனு தனியாகப் போட வேண்டும். அந்த மனுவுக்குக் காலக்கெடு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2009-ல் சொன்னதை வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் தூங்கியவர்களை எனக்குத் தெரியும். அதற்குள் பங்குதாரர் இறந்து, அவர் பிள்ளைகள் வந்து, அவர்களையும் வழக்கில் கட்சியாகச் சேர்த்து மறுபடி முதலிலிருந்து. முதல்நிலை முடிந்ததும் நீதிமன்றங்களே தாமாக இறுதி டிகிரிக்கு வழக்கை நகர்த்த வேண்டும் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நல்ல வார்த்தை. இருந்தாலும் நீங்கள் வக்கீலைக் கேட்டுக்கொண்டே இருங்கள்.

இறுதி டிகிரிக்காக, நிலத்தைப் பார்த்துப் பிரிக்கக் கோர்ட் அனுப்பிய வழக்குரைஞர் ஆணையர் சர்வேயரோடு நிலத்துக்கு வந்த நாள் எனக்கு இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. அறுப்பு முடிந்து தாள் காய்ந்து கிடந்த நேரம். அண்ணன் கிழக்கு வரப்பில் நின்றார், நான் மேற்கில். சங்கிலி இருவருக்கும் நடுவே இழுபட்டது. போர் செட் கிழக்குப் பாதியில் இருந்தது, வாய்க்கால் மடையும் அங்கேதான். நிலத்தை மட்டும் பாதியாக வெட்டினால் எனக்கு வறண்ட பாதி வரும். அந்த ஆணையர் சின்ன வயசுப் பெண். மடையிலிருந்து என் பாகத்துக்குத் தண்ணீர் போக மூன்றடி அகல வாய்க்காலைப் பொதுவில் விட்டு வரைந்தார். வரைபடத்தில் 'அ' பாகம் சிவப்பு, 'ஆ' பாகம் பச்சை, நடுவில் அந்த வாய்க்கால் நீலக் கோடு. இன்றைக்கு என் நிலத்தில் பயிர் நிற்கிறது என்றால் அந்த நீலக் கோடுதான் காரணம். ஆணையர் வரும்போது தண்ணீர் வழி, வண்டிப் பாதை இரண்டையும் வாய்விட்டுக் கேளுங்கள். வரைபடத்தில் இல்லாதது டிகிரியிலும் இருக்காது.

2022 ஜூனில் இறுதி டிகிரி. அதை முத்திரைத்தாளில் எழுதி, நீதிபதி கையெழுத்தும் கோர்ட் சீலும் பெற வேண்டும். முத்திரைச் சட்டத்தின்படி பாகப்பிரிவினை இறுதி டிகிரியும் ஒரு பாகப்பிரிவினை ஆவணம்தான், அதனால் அந்தக் கணக்கில் முத்திரைத் தீர்வை உண்டு. நான் இதில் சுணங்கிவிட்டேன். பணம் புரட்டி முத்திரைத்தாள் வாங்கிக் கொடுத்து, எழுதி வர டிசம்பர் ஆகிவிட்டது. டிகிரியை நிறைவேற்ற மனுப்போட 12 வருஷம் உண்டு, அந்தக் கணக்கு டிகிரி தேதியிலிருந்து ஓடும், முத்திரைத்தாள் கொடுத்த தேதியிலிருந்து ஓடாது. 2005-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. தாள் வாங்காமல் போட்டு வைத்திருப்பவர்கள் கவனிக்க.

இனி சேவைக்கு வருகிறேன்.

2023 ஜனவரியில் இணையத்தில் டோக்கன் போட்டுக்கொண்டு போனேன். டோக்கன் முறை நன்றாக இருக்கிறது. காலை பத்தரைக்கு என்றால் பதினொன்றரைக்குள் கூப்பிட்டுவிட்டார்கள். குடிக்கத் தண்ணீர் இருந்தது, உட்கார நாற்காலி இருந்தது. கழிப்பறைச் சாவியைக் கேட்டு வாங்க வேண்டும், வயசான பெண்களுக்கு அது சங்கடம். கணினி முன் இருந்த பெண் பொறுமையாகப் பேசினார். ஆனால் உள்ளே போனதும், "டிகிரி தேதியிலிருந்து நான்கு மாதம் தாண்டிவிட்டது, பதிய முடியாதும்மா" என்று திருப்பிவிட்டார்கள்.

பதிவுச் சட்டத்தின் 23-ஆவது பிரிவில் அந்த நான்கு மாதம் இருப்பது உண்மைதான். ஆனால் நீதிமன்ற டிகிரி நிரந்தர ஆவணம், கட்டாயமாகப் பதிய வேண்டிய பட்டியலிலேயே அது இல்லை, எனவே காலம் தாண்டியது என்று சொல்லிப் பதிய மறுக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் ஒருமுறை இல்லை, பலமுறை சொல்லியிருக்கிறது. வக்கீல் அந்தத் தீர்ப்பு நகலை என் பையில் வைத்துத்தான் அனுப்பியிருந்தார். நீட்டினேன். "இதெல்லாம் அந்தந்த வழக்குக்குத்தான்" என்றார்கள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. பத்து வருஷம் கழித்து நீதிபதி கையெழுத்தோடு வந்து நிற்கிறேன், கவுண்டரில் திரும்பிப் போ என்கிறார்கள்.

அங்கே நான் செய்த ஒரே நல்ல காரியம், "மறுப்பை எழுத்தில் கொடுங்கள்" என்று கேட்டதுதான். பதிய மறுத்தால் காரணத்தை மறுப்புகளுக்கான பதிவேடான 2-ஆம் புத்தகத்தில் எழுத வேண்டும், கேட்டால் அதன் நகலைக் கட்டணமில்லாமல் கொடுக்க வேண்டும் என்பது 71-ஆவது பிரிவு. வாய்வார்த்தையாகச் சொன்னதை வைத்து மேலே போக முடியாது. நானும் இருட்டும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. மறுப்புச் சீட்டு வந்தது. அந்தச் சீட்டோடு 30 நாளுக்குள் மாவட்டப் பதிவாளரிடம் மேல்முறையீடு. அங்கே ஒரே ஒரு விசாரணை. அதிகாரி டிகிரியை முழுக்கப் படித்தார், உயர் நீதிமன்றத் தீர்ப்பையும் படித்தார், பதியச் சொல்லி உத்தரவு போட்டார். அந்த அலுவலகத்துக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன்.

மே மாதம் மறுபடி சென்றபோது முகச்சுளிப்பு இல்லாமல் வேலை நடந்தது. போட்டோ, கைரேகை, கையெழுத்து. மொத்தம் 14 தாள், வரைபடத்தோடு. ஒவ்வொரு தாளிலும் சீல் விழுவதை எண்ணிக்கொண்டே நின்றேன். பதிவுக்கு முன்பு விவரங்களைச் சரிபார்க்க ஒரு தாள் அச்சடித்துக் கொடுத்தார்கள். அதில் என் பாகம் 1 ஏக்கர் 7 சென்ட் என்று இருந்தது. ஒரு சைபர் விட்டுப்போய்விட்டது. சொன்னதும் அந்தப் பெண் மன்னிப்புக் கேட்டு அங்கேயே திருத்தினார். பதிந்த பிறகு பார்த்திருந்தால் மனு, விசாரணை என்று இன்னொரு வருஷம் போயிருக்கும். கண்ணாடி கொண்டு போங்கள், சர்வே எண், பரப்பு, நான்கு எல்லை மூன்றையும் டிகிரியோடு வைத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள்.

கட்டாயம் இல்லாத பதிவை எதற்குச் செய்ய வேண்டும் என்று என் தம்பி முறையாகும் ஒருவர் கேட்டார். அவர் கேட்பது நியாயம்தான். டிகிரி கோர்ட் கட்டில் இருக்கும். நிலம் வாங்க வருகிறவரோ, கடன் கொடுக்கிற வங்கியோ கோர்ட் கட்டைத் தேடிப் போக மாட்டார்கள், வில்லங்கச் சான்று எடுப்பார்கள். பதியாத டிகிரி அதில் தெரியாது. வழக்கு நடக்கும்போது அண்ணன் யாருக்காவது விற்றிருந்தாலும், வாங்கியவர் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவர்தான். ஆனால் அதை நிரூபிக்க இன்னொரு வழக்கு, இன்னும் ஐந்து வருஷம். சொத்து ஆவணங்கள் ஏறும் பதிவேடான 1-ஆம் புத்தகத்தில் ஏறிவிட்டால் "எனக்குத் தெரியாது" என்று யாரும் சொல்ல முடியாது, பதிவு என்பதே உலகத்துக்குக் கொடுத்த அறிவிப்பு என்று சட்டம் எடுத்துக்கொள்கிறது. எனக்கு 61 வயசு. நான் போன பிறகு என் மகள் கோர்ட் கட்டைத் தேட வேண்டாம் என்பதற்காகத்தான் பதிந்தேன்.

சமரச டிகிரி வாங்கியவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். வழக்கில் இல்லாத சொத்தையும் ராஜியில் சேர்த்து எழுதியிருந்தால் அந்த டிகிரியைப் பதிவது கட்டாயம். எங்கள் தெருவில் ஒருவர், வயல் வழக்கின் ராஜியில் மனைக்கட்டையும் சேர்த்துக்கொண்டு பதியாமல் விட்டுவிட்டு இப்போது தவிக்கிறார்.

இதெல்லாம் செய்தால் முடிந்ததா? என் மகன் அடிலெய்டில் இருக்கிறான். அங்கே 1858-லேயே டாரென்ஸ் முறை வந்துவிட்டதாம், உரிமையை அரசே பதிந்து உத்தரவாதம் தருகிறது, பழைய பத்திரங்களைத் தோண்ட வேண்டியதில்லை என்றான். நம்மிடம் பதிவது ஆவணத்தைத்தான், உரிமைக்கு அரசு ஜவாப்தாரி இல்லை. பட்டாவும் உரிமைப் பத்திரம் ஆகாது. என் டிகிரி அண்ணனையும் அவர் பிள்ளைகளையும் அவரிடம் வாங்குகிறவரையும் கட்டும். வழக்கில் கட்சியாக இல்லாத ஒருவர் நாளைக்கு வேறு உரிமையோடு வந்தால் அவரைக் கட்டாது. அதனால் வழக்குப் போடும்போதே ஒரு வாரிசு விடாமல் கட்சி சேர்க்க வேண்டும். எங்கள் பாட்டனாருக்கு வேறு வாரிசு உண்டா என்று வக்கீல் துருவித் துருவிக் கேட்டபோது எரிச்சலாக இருந்தது. இப்போது அவருக்கு நன்றி சொல்கிறேன்.

பதிவுக்குப் பிறகு உட்பிரிவோடு பட்டா மாறுதலுக்கு விண்ணப்பித்தேன். சர்வேயர் வந்து அளந்து கல் நட ஒன்பது மாதம் ஆயிற்று. பதிந்த டிகிரி இருந்ததால் யாரும் எதிர்க் கேள்வி கேட்கவில்லை, அலைச்சல் மட்டும்தான்.

என் மதிப்பெண்: சார்பதிவாளர் அலுவலகத்துக்கு ஐந்துக்கு மூன்று. அந்த முதல் நாள் மறுப்புக்காக இரண்டைக் குறைக்கிறேன். உயர் நீதிமன்றம் முடித்துவைத்த ஒரு கேள்வியை ஒவ்வொரு கிழவியும் கவுண்டரில் நின்று மறுபடி வாதாட வேண்டியிருப்பது அநியாயம். வக்கீல் வைக்க வசதியில்லாதவள் அன்றே திரும்பிப் போயிருப்பாள், அந்த டிகிரி டிரங்குப் பெட்டியில் கிடந்து செல்லரித்திருக்கும்.

போன பொங்கலுக்கு முந்தின வாரம் அண்ணி வீட்டுக்கு வந்தார். அண்ணன் வரவில்லை, நாங்கள் இன்னும் பேசிக்கொள்வதில்லை. கூட்டுறவு வங்கியில் பயிர்க்கடன் கேட்டிருக்கிறார்களாம். அண்ணன் பாகத்துக்கும் பதிந்த ஆவணம் இருக்கிறதா என்று வங்கியில் கேட்டார்களாம். இருக்கிறது. ஒரே டிகிரியில்தானே 'அ'-வும் 'ஆ'-வும் இருக்கின்றன, நான் பதிந்தபோது அவருடையதும் பதிவாகிவிட்டது. ஆவண எண்ணையும் வருஷத்தையும் ஒரு காகிதத்தில் எழுதி, சான்றிட்ட நகலுக்கு இணையத்தில் எப்படி விண்ணப்பிப்பது என்பதையும் கீழே எழுதி, காபியோடு அண்ணி கையில் கொடுத்தேன்.